காத்திருக்கும் காலத்தில் மலைவீடு

2025 ஆம் ஆண்டு நவம்பர் மாதக் கடைசியில் ‘டித்வா’ புயல் இலங்கையின் மீது வீசிச் சென்றபோது, கடலோரத்துக்கு வெகு தொலைவில், தேயிலைச் சரிவுகளின் மேல் குடியிருக்கும் மக்களே அதன் உக்கிரத்தைப் பெரும்பாலும் தாங்கினார்கள். கண்டி, நுவரெலியா, பதுளை மாவட்டங்களில் மலைகள் சரிந்தன, பாதைகள் அறுந்தன, மலையக ரயில் பாதை பல இடங்களில் மண்ணுக்குள் மறைந்தது, நாடெங்கும் 600-க்கு மேற்பட்ட உயிர்கள் போயின. வீட்டை முற்றாக இழந்தவர்களின் துயரம் ஒரு வகை. வீடு நிற்கிறது, ஆனால் சுவரில் வெடிப்பு ஓடியிருக்கிறது, பின்பக்கத்து மேடு சற்றே இறங்கியிருக்கிறது, வளர்ந்துவிட்ட மகளுக்கு ஓர் அறை சேர்த்துக் கட்டலாம் என்று எண்ணியிருந்த வேளையில் இப்படி நேர்ந்துவிட்டதே என்று கலங்கி நிற்பவர்களின் சங்கடம் இன்னொரு வகை. இந்த இரண்டாம் வகையினரைப் பற்றியே இங்கே பேச விரும்புகிறேன். அவர்கள் அனுமதி கேட்டுப் பிரதேச சபைக்குப் போனால் மண்சரிவு அறிக்கை வேண்டும் என்பார்கள். அறிக்கை தரவேண்டிய நிறுவனமோ மலைமாவட்டங்கள் அனைத்தையும் ஒரே சமயத்தில் பார்வையிட வேண்டிய நிலையில் இருக்கும். அறிக்கை வரும் வரையில் செங்கல் ஒன்றையும் எடுத்து வைப்பதற்கில்லை.

இந்த நிறுத்தம் யாரோ ஓர் உத்தியோகத்தரின் மனப்போக்கினால் விளைந்ததன்று. 1984 இல் தோற்றுவிக்கப்பட்ட தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம், மலைச்சரிவுகளின் அபாயத்தை ஆராய்ந்து வரைபடங்களாக வரையும் பணியை வெகு காலமாகச் செய்துவருகிறது. நுவரெலியா, பதுளை, கண்டி, மாத்தளை, கேகாலை, இரத்தினபுரி, களுத்துறை, காலி, மாத்தறை, அம்பாந்தோட்டை ஆகிய பத்து மாவட்டங்களில் மண்சரிவு அபாயமுள்ள இடங்களில் கட்டிடம் எழுப்ப விரும்புவோர் அந்நிறுவனத்தின் அறிக்கையைப் பெற்ற பின்னரே உள்ளூராட்சி மன்றத்தின் அனுமதியைப் பெறலாம் என்னும் நியதி 2011 ஆம் ஆண்டுச் சுற்றறிக்கையினால் ஏற்பட்டது. ஆகையால் மலை ஒருமுறை பெரிதாக அசைந்துவிட்டால், பழைய வரைபடத்தை நம்பி முத்திரை குத்த எந்தச் சபைக்கும் துணிவு வராது, வரவும் கூடாது.

கூடாது என்பதற்குச் சாட்சி நம்முடைய ஜனங்களே. 2014 ஆம் ஆண்டு அக்டோபர் 29 ஆம் தேதி காலையில், பதுளை மாவட்டத்துக் கொஸ்லாந்தைக்கு அருகே மீரியாபெத்தைத் தோட்டத்தில் மலை இறங்கி, தொழிலாளர்களின் வரிசைக் குடியிருப்புகளான லயங்களைப் புதைத்தது. அந்த இடம் குடியிருப்புக்கு உகந்ததன்று, மக்களை வேறிடம் கொண்டு செல்லவேண்டும் என்று அதற்குப் பல ஆண்டுகள் முன்னரே எச்சரிக்கை விடுக்கப்பட்டிருந்தது. எச்சரிக்கை தாளில் இருந்தது, மக்கள் லயத்தில் இருந்தார்கள். 2016 மே மாதம் 17 ஆம் தேதி கேகாலை மாவட்டத்தில் அரநாயக்கவின் சாமசர மலை சரிந்தபோது முழுக் கிராமங்களே மண்ணுக்கு அடியில் போயின. இவற்றை நினைவில் வைத்துக்கொண்டு பார்த்தால், அனுமதி சில மாதம் நிற்பதை அநீதி என்று சொல்ல நா எழுவதில்லை. ஆனால் அந்தச் சில மாதங்களை எப்படிக் கழிப்பது என்பதை யாரும் நமக்குச் சொல்லித் தருவதில்லை என்பதுதான் குறை.

தோட்டத்து மக்களுக்கு இது மற்றவர்களைவிடக் கடினமான கேள்வி. ஊரில் சொந்தக் காணி உள்ளவனுக்கு இரண்டு வாசல்தான்; நமக்கு மூன்று. நிலம் அரசுடையது, 1972, 1975 ஆம் ஆண்டுகளின் நிலச் சீர்திருத்தத்தால் அரசின் கைக்கு வந்து, 1992 இலிருந்து பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பெனிகளின் நிர்வாகத்துக்கு விடப்பட்டது. ஆகவே முதலில் தோட்ட நிர்வாகத்தின் கடிதம், பிறகு ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிக்கை, அதன் பிறகு பிரதேச சபையின் அனுமதி என்று வரிசையாகத் தட்டவேண்டியிருக்கிறது. அந்தப் பிரதேச சபையும் நெடுங்காலம் நமக்குப் பெயரளவில்தான் இருந்தது. 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கச் சட்டத்தின் 33 ஆம் பிரிவைக் காட்டி, தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபையின் நிதியைச் செலவிட முடியாது என்று கைவிரித்து வந்தார்கள். 2018 இல் அது திருத்தப்பட்ட பின்னரே அந்தத் தடை நீங்கியது. ஏறக்குறைய அதே காலத்தில்தான் நுவரெலியா, அம்பகமுவ என்னும் இரு பெரிய சபைகளிலிருந்து நோர்வூட், மஸ்கெலியா, கொட்டகலை, அக்கரப்பத்தனை ஆகிய புதிய சபைகளும் பிறந்தன. வாசல் இப்போது கிட்டத்தில் வந்திருக்கிறது. அதை எப்படித் தட்டுவது என்ற பழக்கம் இன்னும் நம்மிடையே முழுமையாக வரவில்லை.

அனுமதிக்காகக் காத்திருப்பது லயத்தில் பிறந்தவனுக்குப் புதிய அனுபவமும் அன்று. 1867 இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்ட காலத்துக்கும் முன்பிருந்தே, கோப்பித் தோட்டத்துக் குடியிருப்பாக உருவான லயம், பத்தடிக்குப் பன்னிரண்டடி அளவான காம்பிரா என்னும் அறைகளை ஒட்டி ஒட்டி அடுக்கி, முன்னே இஸ்தோப்பு என்னும் திண்ணையை வைத்து, மேலே தகரம் போட்டு முடிக்கப்பட்ட ஒன்று. அதில் ஒரு ஜன்னலைப் பெரிதாக்குவதற்கும் துரையின் சம்மதம் தேவைப்பட்டது. இஸ்தோப்பை அடைத்து அறையாக்கியதும், பின்பக்கம் தகரம் சார்த்திக் குசினி இறக்கியதும், ஒரு காம்பிராவுக்குள் இரண்டு குடும்பங்கள் சேலையைத் திரையாகக் கட்டிக்கொண்டு ஜீவித்ததும் யாருடைய வரைபடத்திலும் இடம்பெறாத நிர்மாணங்கள். 1948 இல் பிரஜாவுரிமை பறிக்கப்பட்ட சமூகத்துக்குக் காணியுரிமை எப்படி வந்திருக்கும்? இத்தனை தலைமுறைகளாக வீட்டைத் திருத்தும் உரிமையில்லாமல் இருந்தவர்கள், அந்த உரிமை கைக்கு எட்டும் நேரத்தில் மலை குறுக்கே நிற்பதைக் கண்டு பொறுமை இழப்பது இயற்கையே. அப்பொறுமையின்மையை நான் மதிக்கிறேன். ஆனாலும் இரவோடு இரவாக மண்ணை வெட்டிச் சுவர் எழுப்புவது, அந்த உரிமையை நமது கைகளாலேயே புதைப்பதாக முடியக்கூடும்.

அது வெறும் பயமுறுத்தல் அன்று. எங்கே வெட்டுகிறார்கள் என்பதைக் கவனித்தால் விளங்கும். இந்திய உதவியோடு தோட்டங்களில் கட்டப்பட்ட தனிவீடுகள் 550 சதுர அடி அளவானவை. ஏழு பேர்ச்சஸ் நிலத்தில் நிற்பவை. ஒரு பேர்ச்சஸ் 272 சதுர அடிக்குச் சற்று அதிகம் என்பதால், கணக்கில் 1,900 சதுர அடி நிலம் இருக்கிறது. சரிவிலே அதில் சமதளமாகக் கிடைப்பது வீடு நிற்கும் இடமும் முற்றமும்தான். குடும்பம் பெருகும்போது முன்பக்கம் நீட்டினால் பள்ளம். பக்கத்தில் நீட்டினால் அடுத்தவர் எல்லை. ஆகவே எல்லாரும் பின்பக்கத்து மேட்டைத்தான் வெட்டுகிறார்கள். மேடு என்பது மண் குவியல் மட்டும் அன்று, மேலே உள்ள சரிவு முழுவதையும் அடியிலிருந்து தாங்கி நிற்கும் பாதம். ஈரமேறிய மண் ஒரு கன மீட்டர் ஏறக்குறைய இரண்டு தொன் கனக்கும். குசினிக்காக ஆறடி உயரத்துக்கு நேர்செங்குத்தாக வெட்டிவிட்டு, அதன் எதிரே புளொக்கல்லால் ஒரு மெல்லிய சுவரை வைத்துவிட்டால், அந்தச் சுவருக்குப் பின்னால் அடுப்பருகே உட்கார்ந்திருக்கும் மனிதர்கள் அத்தனை தொன்னுக்கும் முன்னால் உட்கார்ந்திருக்கிறார்கள்.

ஆகையால் அனுமதி நிற்கும் காலத்தில் செய்யத்தக்க முதல் காரியம், அளவுநாடாவை எடுப்பதற்கு முன் மழையில் குடையைப் பிடித்துக்கொண்டு வீட்டைச் சுற்றி வருவதே. தண்ணீர் எங்கிருந்து வருகிறது, எங்கே தேங்குகிறது, எந்த இடத்தில் மண்ணுக்குள் இறங்கிக் காணாமற் போகிறது என்பதை வெயில் காலத்தில் எந்தப் பொறியியலாளராலும் முழுமையாகக் கண்டுகொள்ள முடியாது. அங்கே குடியிருப்பவன் ஒருவனே காண முடியும். நிலத்தில் பிறை வடிவமாக வெடிப்பு ஓடுகிறதா, கதவு முன்போலச் சாத்தாமல் இறுகுகிறதா, மின்கம்பமோ சவுக்கு மரமோ புதிதாய்ச் சாய்ந்திருக்கிறதா, வழக்கமாகத் தெளிந்து விழும் பீலித் தண்ணீர் சேறாய் வருகிறதா, இல்லாத இடத்தில் ஊற்றுக் கிளம்பியிருக்கிறதா, இருந்த ஊற்று சட்டென வற்றிவிட்டதா என்பனவெல்லாம் மலை நகர்வதற்கு முன் தரும் அறிகுறிகள். இவற்றைத் தேதியிட்டு ஒரு பள்ளிக்கூடக் கொப்பியில் எழுதி வையுங்கள். வெடிப்பின் இரு முனைகளிலும் பென்சிலால் கோடிட்டுத் தேதி எழுதினால், அது வளர்கிறதா நிற்கிறதா என்று சுவரே சொல்லும். பரிசோதகர் வரும் நாளில், “இது எப்போதிருந்து இருக்கிறது?” என்று கேட்டால் பதில் சொல்ல அந்தக் கொப்பியைக் காட்டிலும் சிறந்த சாட்சியம் இல்லை. அறிகுறிகள் வளருமானால் திருத்தம் பற்றிய யோசனையை விட்டு, இடமாற்றத்துக்கான விண்ணப்பத்தை யோசிக்கவேண்டும். இதை எழுதும்போது எனக்கும் மனம் கனக்கிறது, ஆயினும் எழுதாமல் விடுவதற்கில்லை.

மழையின் அளவைப் பற்றியும் ஒரு சொல். ஆராய்ச்சி நிறுவனத்தின் கணக்கில் 24 மணி நேரத்தில் 75 மில்லிமீட்டர் பெய்தால் விழிப்பு, 100 மில்லிமீட்டரில் எச்சரிக்கை, 150 மில்லிமீட்டரை எட்டினாலோ, ஒரு மணி நேரத்தில் 75 மில்லிமீட்டர் கொட்டினாலோ வெளியேற்றம் என்று மூன்று படிகள் உண்டு. இந்த எண்களைக் கூரையோடு சேர்த்துப் பாருங்கள். 550 சதுர அடிக் கூரையின் மேல் 100 மில்லிமீட்டர் மழை விழுந்தால் அது 5,000 லீற்றருக்கு மேல். பீலி இல்லாத கூரை அவ்வளவையும் அத்திவாரத்தின் ஓரத்திலேயே கொட்டுகிறது. பத்து வீடுகள் மேலும் கீழுமாக இருக்கும் வரிசையில் மேல்வீட்டுத் தண்ணீர் கீழ்வீட்டு மேட்டுக்குள் இறங்குகிறது. கூரை ஓரத்தில் பீலி வைத்து, குழாயில் இறக்கி, சீமெந்து பூசிய கானில் விட்டு, அந்தக் கானைத் தோட்டத்தின் பெரிய கானோடு சேர்ப்பது வீட்டின் அமைப்பை மாற்றாத வேலை. தோட்ட நிர்வாகத்தின் சம்மதத்தோடும், சபையின் தொழில்நுட்ப உத்தியோகத்தரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டும் காத்திருப்புக் காலத்திலேயே முடித்துவிடலாம். தேயிலைச் சரிவில் கான் வெட்டும் வித்தை நமக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதன்று. மலையின் வளைவை ஒட்டி மென்சாய்வாகக் கான் இழுத்து மண்ணைக் காப்பாற்றியவர்கள் நம் பாட்டன்மார். தேயிலைக்குச் செய்த அந்த உபகாரத்தை வீட்டுக்குச் செய்வதில் மட்டும் ஏனோ நாம் அசட்டையாக இருந்துவிட்டோம். குசினிக் கழிவுநீரையும் மலக்குழியின் கசிவையும் மேட்டுக்குள் விடாமல் கவனிப்பதும் இதோடு சேர்ந்ததே. மழை ஓய்ந்த பின்னும் அவை நாள்தோறும் சரிவை நனைத்துக்கொண்டே இருக்கின்றன.

அடுத்தது சுவர். பழைய லயங்கள் கருங்கல்லை மண்சாந்திலோ சுண்ணாம்பிலோ அடுக்கிக் கட்டப்பட்டவை. தகரத்தைத் தாங்கவே அவை பிறந்தன. கொங்கிரீட் தட்டை அவற்றின் மேல் ஏற்றி மாடி எடுக்க நினைப்பது விபரீதம். மேலும் லயத்தில் என் சுவர் என்று ஒன்று கிடையாது. என் காம்பிராவின் வலப்பக்கச் சுவர் அடுத்த வீட்டின் இடப்பக்கச் சுவர். நான் வாசல் வைக்க இடித்தால் அந்தப் பக்கம் ஒரு குழந்தையின் தொட்டில் அசையும். கூரையும் அப்படியே: நடுவே ஒருவர் மட்டும் உயர்த்தினால், இணையும் இடத்தில் இரு பக்கத்து வீடுகளுக்கும் ஒழுக்கு. ஆகவே லயத்தில் திருத்தம் என்பதை அந்த வரிசை முழுவதும் கூடி ஆலோசிக்கவேண்டிய விஷயமாகக் கருதவேண்டும். அனுமதி இல்லாத மாதங்கள் அதற்கு வாய்த்த நேரம். பொதுக் கூரை, பொதுக் கான், மின்கம்பிகளின் பழுது ஆகிய மூன்றையும் சேர்ந்து பேசி முடித்தால், தனித்தனியாகச் செலவிடுவதில் ஒரு பகுதி மிஞ்சும். லயங்களில் தீ பற்றினால் ஒரு காம்பிராவோடு நிற்பதில்லை. பழைய கம்பிகளை மாற்றுவதற்குக் கிடைத்த இடைவேளையை வீணாக்கவே கூடாது.

பத்திரங்களின் வேலையும் நீளமானது. நகர அபிவிருத்தி அதிகாரசபையின் 1978 ஆம் ஆண்டின் 41 ஆம் இலக்கச் சட்டம் அமுலில் உள்ள பிரகடனப்படுத்தப்பட்ட பகுதியா, அல்லது 1915 ஆம் ஆண்டின் பழைய வீடமைப்பு, நகர அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வரும் பகுதியா என்பதைச் சபையில் முதலில் கேட்டறியவேண்டும். விண்ணப்பப் படிவமும் விதிகளும் அதற்கேற்ப மாறும். சிதைந்த தகட்டை மாற்றுவது, வெள்ளையடிப்பது, தரையை மெழுகிப் பூசுவது போன்ற பராமரிப்பு ஒரு வகை. வெளிச்சுவர், கூரையின் உயரம், புதிய அறை, மண்வெட்டு ஆகியவை இன்னொரு வகை. பின்னதற்கே அனுமதி தேவை. எது எந்த வகை என்பதை வாய்ச்சொல்லாக அல்லாமல் எழுத்தில் கேட்டு வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம். தோட்ட நிர்வாகத்தின் கடிதம், வீட்டுரித்துப் பத்திரம் இருந்தால் அதன் பிரதி, கிராம உத்தியோகத்தரின் உறுதிப்படுத்தல், நில அளவையாளரின் படம், உத்தேச வரைபடம், கொப்பியில் எழுதிய குறிப்புகள், வெடிப்புகளின் புகைப்படங்கள் ஆகியவற்றை ஒரே கோவையில் சேர்த்து வைத்தவருடைய விண்ணப்பம் கதவு திறந்த அன்றே உள்ளே போகும். மற்றவர்கள் அன்றுதான் அளவையாளரைத் தேடத் தொடங்குவார்கள். வரைபடக்காரரிடம் போகும்போது, பின்பக்கத்து வெட்டுக்குப் பதிலாக வேறு வழி உண்டா என்று வற்புறுத்திக் கேளுங்கள். முன்பக்கம் தூண்களின் மேல் நீட்டலாமா, உள்ளே தடுப்பை மாற்றி இரண்டு சிறு அறைகள் எடுக்கலாமா, வெட்டியே தீரவேண்டுமென்றால் தாங்கு சுவரில் நீர் வடியும் துவாரங்களும் அதன் பின்னால் சல்லிக்கல் வடிகாலும் எங்கே வரும் என்று காட்டச் சொல்லுங்கள். தண்ணீர் வடியாத தாங்கு சுவர் மலையோடு தண்ணீரையும் சுமக்கிறது. வெகு நாள் சுமக்காது.

பண விஷயத்தில் நிதானம் வேண்டும். அனுமதி வரும்போது விலை ஏறிவிடும் என்ற அச்சத்தில் சீமெந்து மூட்டைகளை வாங்கி அடுக்குகிறவர்களைப் பார்க்கிறேன். மலைநாட்டு ஈரத்தில் சீமெந்து சில மாதங்களிலேயே கட்டி தட்டிவிடும். பணமும் போகும், பலமும் போகும். கம்பி, மரம், கதவு நிலை ஆகியவற்றை மூடிய இடத்தில் வைத்துக் காக்கலாம். சீமெந்தைக் கடைசியில்தான் வாங்கவேண்டும். மேசன் பாஸிடம் முழுக் கூலியையும் முன்கூட்டிக் கொடுத்துவிடாமல், அனுமதி கிடைத்த தேதியிலிருந்து வேலை தொடங்கும் என்று இருவரும் கையெழுத்திட்ட ஓர் ஒப்பந்தம் செய்துகொள்வது இரு தரப்புக்கும் க்ஷேமம். புயலுக்குப் பின் அரசாங்கம் முற்றாக இடிந்த வீட்டுக்குப் பதிலாகப் புதுவீடு கட்ட 50 இலட்சம் ரூபாயும், பகுதியாகச் சேதமடைந்த வீட்டைத் திருத்த 25 இலட்சம் ரூபாய் வரையிலும் உதவி அறிவித்தது. உரித்துப் பத்திரம் இல்லாத லயவாசி அந்த உதவியைப் பெறும் வழி எது என்பதைத் தொழிற்சங்கங்களும் பெருந்தோட்டப் பிராந்தியத்துக்கான புதிய கிராமங்கள் அபிவிருத்தி அதிகாரசபையும் முன்னின்று தெளிவுபடுத்தவேண்டும். 2018 ஆம் ஆண்டின் 32 ஆம் இலக்கச் சட்டத்தால் அந்த அதிகாரசபை பிறந்ததே இத்தகைய காரியங்களுக்காகத்தான்.

தற்காலிகம் என்று சொல்லப்படுவது எவ்வளவு காலம் நீளும் என்பதற்கு இமயத்து மலைநகரமான சிம்லா ஓர் உதாரணம். 2017 நவம்பர் 16 ஆம் தேதி இந்தியாவின் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் அந்நகரின் மையப் பகுதியிலும் பசுமைப் பகுதிகளிலும் புதிய கட்டிடங்களைத் தடுத்து, மற்ற இடங்களில் மாடிகளின் எண்ணிக்கையையும் கட்டுப்படுத்தியது. நகரத்துக்கென ஒரு வளர்ச்சித் திட்டம் எழுதப்பட்டு, வழக்குகள் ஏறி இறங்கி, 2024 ஜனவரி 11 ஆம் தேதி உச்ச நீதிமன்றம் அத்திட்டத்தை நடைமுறைப்படுத்த வழிவிடும் வரையில் ஆறு ஆண்டுகளுக்கு மேல் சென்றன. 2023 ஜனவரியில் அதே இமயத்து ஜோஷிமட நகரம் நிலத்துக்குள் வேகமாக அமிழ்ந்தபோதோ, நிர்வாகம் அங்கே கட்டிட வேலைகளை ஒரே நாளில் நிறுத்தவேண்டி வந்தது. முதலாவதில் காலம் நீண்டது மக்களை வாட்டியது. இரண்டாவதில் நிறுத்தம் காலம் கடந்து வந்தது மக்களை வாட்டியது. இரண்டையும் பார்த்த பிறகு, நிறுத்தம் வேண்டும், ஆனால் அதற்கு எல்லை வேண்டும் என்ற முடிவுக்கே நான் வருகிறேன். எந்தத் தோட்டத்தின் எந்தப் பிரிவு எப்போது பரிசோதிக்கப்படும் என்ற பட்டியல் தமிழில் அச்சிடப்பட்டு, தோட்ட அலுவலகத்திலும் பெரட்டுக் களத்திலும் ஒட்டப்படவேண்டும். இடிந்த குசினியைத் திரும்ப எடுக்க நினைக்கும் ஏழையின் விண்ணப்பமும், நுவரெலியா நகரில் பள்ளத்தாக்கைப் பார்த்து எழும் விடுதியின் விண்ணப்பமும் ஒரே வரிசையில் நிற்பது சமத்துவம் ஆகாது. சிறிய திருத்தங்களுக்குத் தனி வரிசையும், விரைந்த பரிசோதனையும் இருப்பதே நியாயம். மறுக்கப்படும் விண்ணப்பத்துக்குக் காரணமும், மாற்று நிலம் எங்கே என்பதும் எழுத்தில் தரப்படவேண்டும். இங்கே வாழாதே என்று மட்டும் சொல்லி, வேறெங்கும் நிலம் தராத அறிக்கை மீரியாபெத்தையில் இருந்த எச்சரிக்கைக்கு ஒப்பானதே.

கடைசியாக, பருவத்தைப் பற்றிய ஒரு யோசனை. ஹட்டன், நோர்வூட், மஸ்கெலியா, வட்டவளை ஆகிய மேற்குச் சரிவுகளில் மே மாதம் தொடங்கும் தென்மேற்குப் பருவமழை செப்டம்பர் வரையில் விடாது பெய்யும். இராகலை, வலப்பனைப் பக்கங்களில் வடகீழ்ப் பருவமழையே பலமானது. இரண்டுக்கும் இடைப்பட்ட அக்டோபர், நவம்பர் மாதங்களில் எங்கும் மேகம் உடையும். ஆகவே மேற்குச் சரிவில் இருப்பவருக்கு ஏப்ரல் முடிவில் அனுமதி கைக்கு வந்தால், அந்த மகிழ்ச்சியில் மறுநாளே மண்வெட்டியை எடுக்கவேண்டாம்; அந்த மழைக்காலத்தில் கான்களையும் கூரையையும் உள்வேலைகளையும் முடித்துக்கொண்டு, மண்ணைத் தொடும் வேலையை ஜனவரிக்குத் தள்ளி, மார்ச்சுக்குள் தாங்கு சுவரை எழுப்பிவிடவேண்டும். அனுமதி சாதாரணமாக ஓராண்டுக்குச் செல்லும் என்பதால் இதற்கு இடமுண்டு. காலம் போதாதென்று தோன்றினால், முடிவதற்கு முன்பே சபைக்கு எழுதி நீட்டிப்புக் கேட்டுக்கொள்ளலாம். வேலை முடிந்ததும் இணக்கச் சான்றிதழைக் கேட்டு வாங்கி, அந்த மழைக் கொப்பியோடு அதே கோவையில் வைத்துவிடுங்கள். அடுத்த முறை வெடிப்பொன்று தோன்றும்போது முதலில் தேடப்படுவது அந்தக் கோவைதான்.